நோவும் பண்ணும்

எமது கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று வேண்டுமென மலர்க்குழுவினர் கேட்டபோது, தமிழாசிரியன் என்ற முறையில் யான் இலக்கியச் சுவை பற்றி ஏதேனும் எழுதுவேன் என்றே எதிர்பார்த்திருப்பர். ஆயின், சென்ற சில திங்களாகப் பழைய மாணவர் சங்கத்தாரிடையே நடந்துவரும் ஓர் உரையாடல் என் மனத்தை வேறொரு பொருளின்பால் ஈர்த்துவிட்டது. விழாவின் நினைவாக எமதூர் வைத்தியசாலைக்குக் கொடையொன்று வழங்க வேண்டும் என்பதும், நோயாளர் விடுதிதோறும் ஒலிபெருக்கிகளைப் பொருத்திக் காலையும் மாலையும் பத்திப் பாடல்களை ஒலிக்கச் செய்வதே அக்கொடையாகலாம் என்பதும் சிலர் கருத்து. இசை நோவைத் தணிக்கும் என்று விஞ்ஞானிகளே ஒப்புக்கொண்டுவிட்டனர் என அன்பரொருவர் கூட்டத்தில் எடுத்துரைத்தார். கைதட்டலும் எழுந்தது. அவர் கூறியது பொய்யன்று. ஆனால் அவ்வுண்மையிலிருந்து ஒலிபெருக்கி பிறக்கவில்லை. ஏன் பிறக்கவில்லை என்பதை, கொடைப்பணம் செலவாகுமுன் எழுதிவிட விரும்புகின்றேன்.

எம் முன்னோர் அறியாத தொன்றுமில்லை என்று தொடங்குவது எம்மனோர் கட்டுரைகளுக்கு ஒரு மரபாகிவிட்டது. அம்மரபில் எனக்கு விருப்பமில்லை. எனினும் நோவையும் பாட்டையும் ஒருங்கே வைத்துப் பேசும் இடங்கள் பழந்தமிழில் உள்ளனவா என்று மாணவனொருவன் கேட்டால், உள்ளன என்றே விடையிறுத்தல் வேண்டும். மலைபடுகடாம் நன்னனது மலையில் எழும் ஓசைகளை ஒவ்வொன்றாக அடுக்கிச் சொல்கின்றது. அருவி ஒலி, யானையின் பிளிறல் முதலியவற்றினிடையே மெல்லிய குரலொன்றும் கேட்கின்றது. புலி பாய்ந்து கிழித்த நெடும்புண் கணவர் மார்பிலே தணியவேண்டும் என்று, அதற்குக் காவலாகக் கொடிச்சியர் பாடும் பாட்டு அது. புறநானூற்றின் 281ஆம் பாட்டிலே அரிசில் கிழார், புண்பட்டுக் கிடக்கும் வீரனது மனையைக் காட்டுகின்றார். இரவந் தழையும் வேப்பந் தழையும் செருகப்படுகின்றன, யாழும் பிற இயங்களும் ஒலிக்கின்றன, வெண்சிறு கடுகு தூவப்படுகின்றது, குழலும் மணியும் ஒலிக்கக் காஞ்சி பாடப்படுகின்றது, நறும்புகை எழுகின்றது.

இவற்றைக் கொண்டு, சங்ககாலத்தார் இசை மருத்துவம் நடத்தினர் என்று மேடையேறி முழங்குதல் தகாது. அவர்கள் கருதியது புண்பட்டாரைப் பேய் அணுகாது காத்தலேயன்றி நோவைக் குறைத்தலன்று. ஆனால் ஒன்று கவனிக்கத் தக்கது. அந்த வீரன் கேட்டது எவரோ எங்கோ பாடிய பாட்டன்று. தன் மனையிலே, தன்னவர், தன்பொருட்டுப் பாடிய பாட்டு. இந்த வேறுபாடு பின்னர் எமக்கு வேண்டியதாகும்.

சூலை நோயால் துடித்த மருணீக்கியார் திருவதிகையிலே பாடிய முதற் பதிகத்தையும் ஈண்டு நினையாதிருத்தல் இயலாது. அது கொல்லிப் பண்ணில் அமைந்தது. நோய் நீங்கியது அருளின் செயல் என்கின்றார் சேக்கிழார். அதனை நாம் ஆய்வுசாலையில் வைத்து நிறுத்துப் பார்க்கப் புகவில்லை. ஆசிரியன் என்ற முறையில் யான் கண்டது இவ்வளவே: அப்பதிகம் நோவை மறைக்கவில்லை, மறக்கச் சொல்லவுமில்லை. வயிற்றினுள்ளே குடர் முறுக்குண்ணும் துன்பத்தைப் பெயர் சொல்லி முறையிடுகின்றது. நோவுற்றவன் ஒருவன் அதைக் கேட்கும்போது, தன் வாய்க்கு வாராத சொல் பிறர் வாயில் வரக் கேட்கின்றான்.

சொல் என்றதும் தமிழாசிரியனுக்குச் சற்று நின்று போகத் தோன்றுதல் இயல்பு. தமிழகத்தார் வலி என்பதை நாம் நோ என்கின்றோம். எம்மிடையே வலி என்றால் கைகால் இழுக்கும் வலிப்பு நோயே முதலில் நினைவுக்கு வரும். அன்றியும், எமது பேச்சு வழக்கில் ஒவ்வோர் உறுப்பின் நோவுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. தலைக்கு இடி, பல்லுக்குக் கொதி, வயிற்றுக்கும் காதுக்கும் குத்து, நாரிக்குப் பிடிப்பு, காலுக்கு உளைவு, நெஞ்சுக்கு எரிவு. பல்லிடி என்றோ தலைக்கொதி என்றோ எங்கள் பாட்டிமார் தவறியும் சொல்லார். இவற்றின் மேலும் கடுப்பு, குடைச்சல், சுள்ளெனல், விண்விண்ணெனத் தெறித்தல் என எத்தனையோ. மொன்றியல் நகரத்து மக்கில் பல்கலைக்கழகத்தில் உளவியற் பேராசிரியராயிருந்த றொனால்ட் மெல்சாக் என்பார், நோவைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களைத் திரட்டி, 78 சொற்களை 20 கூட்டங்களாக வகுத்து, 1975ஆம் ஆண்டில் ஒரு வினாக்கொத்தை வெளியிட்டார். இன்றும் உலகெங்கும் வைத்தியர் அதனைப் பயன்படுத்துகின்றனர். அகராதி வேலை வைத்தியத்துக்கு உதவிய அரிய இடங்களுள் இஃதொன்று. எம் மாணவர் எவரேனும் யாழ்ப்பாணத்து நோச்சொற்களை இவ்வாறு தொகுத்தால் அவருக்கு யான் நன்றியுடையனாவேன்.

அச்சொற்களை வகுத்த மெல்சாக், அவை ஒரே தன்மையன அல்ல என்பதைக் கண்டார். குத்து, எரிவு, இடி என்பன உணர்ச்சியின் உருவத்தைச் சொல்வன. ‘உயிர் போகுது’, ‘ஆளைக் கொல்லுது’ என்று நாம் சொல்வனவோ, அவ்வுணர்ச்சி எம்மை என்ன செய்கின்றது என்பதைச் சொல்வன. முன்னையது உடம்பின் செய்தி. பின்னையது உள்ளத்தின் துயர். இரண்டும் சேர்ந்ததே நோ. நோவு பற்றிய ஆய்வுக்கான அனைத்துலகச் சங்கம் 2020இல் திருத்தி வெளியிட்ட வரைவிலக்கணமும், நோவானது புலனுணர்வும் மனவெழுச்சியும் ஆகிய ஓர் அனுபவம் என்றே கூறுகின்றது. காயத்தின் அளவே நோவின் அளவு என்று எண்ணுதல் பொருந்தாது.

பொருந்தாமையைப் போர்க்களத்திலே கண்டவர் ஹென்றி பீச்சர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்து மயக்கமருந்துத் துறைப் பேராசிரியராகிய அவர், 1944இல் இத்தாலியின் அன்சியோக் களமுனையிலே படுகாயமுற்ற போர்வீரரைக் கவனித்தார். நோ மருந்து வேண்டுமா என்று கேட்கப்பட்டபோது அவர்களுள் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கினரே வேண்டுமென்றனர். போர் முடிந்து ஊர் திரும்பிய பின்னர், சத்திரசிகிச்சை செய்யப்பெற்ற குடிமக்களிடம் அதே வினாவைக் கேட்டார். ஐந்தில் நான்கு பங்கினர்க்கு மேல் வேண்டுமென்றனர். வீரனுக்குக் காயம் என்பது களத்தினின்றும் உயிரோடு மீண்டேன் என்ற செய்தி. குடிமகனுக்கு அதே வெட்டு வாழ்வில் விழுந்த இடி. நோவை மிகுவிப்பதும் குறைப்பதும் அதன் பொருளே என்று 1956இல் பீச்சர் எழுதினார்.

இஃது எவ்வாறு இயலும் என்பதற்கு 1965இல் மெல்சாக்கும் பற்றிக் வோல் என்பாரும் ஒரு விளக்கம் தந்தனர். முள்ளந்தண்டினுள்ளே ஒரு வாயில் இருப்பதாகக் கொள்க. காலில் முள் தைத்த செய்தி அவ்வாயிலைக் கடந்தே மூளைக்குச் செல்லும். காலைத் தடவினால் தடவிய செய்தியும் அங்கே வந்து சேர்ந்து வாயிலை ஒருவாறு ஒடுக்குகின்றது. மூளையிலிருந்தும் கீழ்நோக்கிக் கட்டளை வருதலுண்டு. அதுவும் வாயிலைத் திறக்கலாம், மூடலாம். அச்சமும் தனிமையும் திறக்கின்றன. ஆறுதலும் வேறொன்றிற் படிந்த கவனமும் மூடுகின்றன. இக்கொள்கையின் சிறு கூறுகள் பின்னர் பலவாறு திருத்தப்பட்டனவாயினும், மூளை தான் பெறும் நோவைத் தானே கூட்டவும் குறைக்கவும் வல்லது என்ற அடிப்படை நிலைத்துவிட்டது. இசை புகும் வழியும் பெரும்பாலும் அதுவே.

என் தந்தையார் 2014ஆம் ஆண்டிலே எலும்பிற் பரவிய புற்றுநோயால் ஏழு திங்கள் படுக்கையிலிருந்தார். இறுதி மூன்று திங்களும் மோபீன் மருந்தின் துணையோடு கழிந்தன. ஒரு வேளை மருந்துக்கும் மறுவேளை மருந்துக்குமிடையே உள்ள கடைசி ஒரு மணி நேரமே கொடியது. அந்நேரத்தில் அவர் கேட்க விரும்பியவை திருமுறைகள் அல்ல. நாள்தோறும் திருநீறு தரித்துத் தேவாரம் ஓதாமல் உணவு கொள்ளாதவராகிய அவர், நோ முற்றிய வேளையில் வேண்டியவை இளமையில் இலங்கை வானொலியிற் கேட்ட அறுபதுகளின் திரைப்பாடல்களே. ஏன் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. பின்னர் ஒருநாள் நினைவு வந்தது. 1990ஆம் ஆண்டின் பின் குடாநாட்டில் மின்சாரம் இல்லாதிருந்த காலத்தில், வானொலிக்கு மின்கலம் வாங்கவும் வழியில்லாதபோது, துவிச்சக்கரவண்டியைக் கவிழ்த்து வைத்து அதன் தைனமோவில் வானொலியை இணைப்போம். நான் கையால் மிதிகட்டையைச் சுற்ற, ஜாம்போத்தல் விளக்கின் ஒளியில் வீட்டார் எல்லாரும் சூழ்ந்திருந்து பாட்டுக் கேட்போம். சுற்றுதல் தளர்ந்தால் பாட்டும் தளரும், தந்தையார் சிரிப்பார். அவர் வேண்டியது அப்பாட்டை மட்டுமன்று.

ஒரு மாலை, கேட்டு முடிந்தபின் நோ எப்படி என்று வினவினேன். ‘நோ போகேல்லைத் தம்பி, கொஞ்சம் தள்ளி நிக்குது’ என்றார். நோவும் இசையும் பற்றி நான் பின்னர் படித்த நீண்ட கட்டுரைகள் பலவற்றின் முடிவும் இதற்கு மேற் செல்லவில்லை.

இன்னொரு நாள் உறவினர் ஒருவர் நல்ல எண்ணத்தோடு வந்து, சிவபுராணம் பாடும் ஒலிப்பதிவைத் தலைமாட்டில் வைத்து ஒலிக்கச் செய்தார். மரணப் படுக்கையருகே சிவபுராணம் ஓதுதல் எம்மவர் வழக்கம் என்பது யாவர்க்கும் தெரியும். தந்தையார் சுவரின் பக்கம் திரும்பிக்கொண்டு, ‘என்ன, எனக்கு நாள் குறிச்சாச்சோ?’ என்றார். அன்றிரவு மருந்து வேளைக்கு முன்னரே கேட்கப்பட்டது. திருவாசகத்தில் ஒரு குறையும் இல்லை. கேட்டவருக்கு அந்நேரத்தில் அது கொண்டுவந்த செய்தியே வேறு. பீச்சர் காயத்தைப் பற்றிச் சொன்னது பாட்டுக்கும் பொருந்தும்.

இந்த இராகம் வயிற்றுக்குத்துக்கு, அந்த இராகம் தலையிடிக்கு என்று அட்டவணை போட்டு வெளிவரும் சிறு நூல்களை எம் பழைய மாணவர் சிலர் எனக்கு அன்புடன் அனுப்புவதுண்டு. அவற்றை ஆதரிக்கும் சோதனை எதனையும் அந்நூல்களிற் காணேன். பண்ணுக்கும் பொழுதுக்கும், பண்ணுக்கும் சுவைக்கும் தொடர்பு சொன்ன எம் இசை மரபை மருந்துக்கடைப் பட்டியலாக்குவது அம்மரபுக்குச் சிறப்பன்று.

சோதனைகள் சொல்வது யாது? 1914ஆம் ஆண்டிலேயே எவன் கேன் என்ற அமெரிக்கச் சத்திரசிகிச்சை வைத்தியர், தமது அறையிலே இசைத்தட்டுப் பெட்டியை வைத்து நோயாளரின் அச்சத்தைத் தணித்ததாக எழுதினார். ஆயினும் பெரும் பரபரப்பை உண்டாக்கியது 1960இல் வெளிவந்த ஒரு கட்டுரையே. காட்னர் என்ற பல் வைத்தியரும் லிக்லைடர் என்ற உளவியலாரும் ஒரு கருவி அமைத்தனர். பல் கிண்டப்படும்போது நோயாளர் காதில் இசை ஒலிக்கும். நோ தொடங்கினால், கையிலுள்ள திருகியைத் தாமே திருகிப் பேரருவி போன்ற இரைச்சலை வேண்டிய அளவு கூட்டிக்கொள்ளலாம். முன்னர் விறைப்பூசியோ மயக்கவாயுவோ வேண்டியிருந்த ஆயிரம் பேருள் பெரும்பாலோருக்கு வேறு மருந்து வேண்டியிருக்கவில்லை என்று அவர்கள் எழுதினர். பல் வைத்தியர் பலர் அக்கருவியை வாங்கினர். மூன்றாண்டுகளின் பின் மெல்சாக்கும் துணைவரும் அதனை நுணுகிச் சோதித்தனர். பனிக்கட்டி நீரிற் கையை வைத்திருக்கும் சோதனை அது. ‘இவ்வொலி நோவைக் குறைக்கும்’ என்ற உறுதிமொழியோடு ஒலியைக் கேட்டவர்கள் நெடுநேரம் தாங்கினர். உறுதிமொழியின்றி ஒலி மட்டும் கேட்டவர்க்கும், ஒலியின்றி உறுதிமொழி மட்டும் பெற்றவர்க்கும் அப்பயன் கிட்டவில்லை. கருவிகள் சில ஆண்டுகளில் வழக்கொழிந்தன. அக்கருவியின் திருகி நோயாளரின் கையிலே இருந்தது என்பதை மட்டும் நினைவில் வைத்திருக்குமாறு அன்பர்களை வேண்டுகின்றேன்.

அண்மைக்கால ஆய்வுகள் இவற்றினும் கட்டுப்பாடானவை. 2006இல் கொக்ரேன் தொகுப்பாளர் 51 ஆய்வுகளை ஒன்றுசேர்த்துப் பார்த்து, இசையால் நோ குறைவது உண்மை, ஆனால் குறையும் அளவு சிறிது என்றனர். பூச்சியம் முதல் பத்து வரை நோவை அளக்கும் கோலில் அஃது ஏறத்தாழ அரை அலகே. 2015இல் லான்செற் இதழில் வெளியான தொகுப்பு சத்திரசிகிச்சை பெற்றோரை மட்டும் கொண்டது. 73 சோதனைகள், ஏறத்தாழ ஏழாயிரம் நோயாளர். இசை கேட்டோருக்கு நோவும் பதகளிப்பும் குறைந்தன; நோ மருந்தும் குறைவாகவே வேண்டியிருந்தது. முழு மயக்கத்தில் இருந்தவர்க்கும் ஓரளவு பயன் இருந்தது என்பது வியப்பு. வைத்தியசாலையில் தங்கும் நாட்கள் மட்டும் குறையவில்லை.

அத்தொகுப்பில் என் கருத்துக்கு மாறான ஒரு செய்தியும் உண்டு; அதனை மறைத்தல் முறையன்று. இசையைத் தெரிந்தெடுத்தவர் நோயாளரா பிறரா என்பதால் முடிவில் பெரிய வேறுபாடு காணப்படவில்லை என்கின்றது அது. எனினும் அச்சோதனைகளிற் கலந்துகொண்டோர் யாவரும் இசை கேட்க இசைந்தவர்கள். சிறிது நேரமே கேட்டவர்கள். வேண்டாவெனின் விலகும் உரிமை உடையவர்கள். விடுதியின் சுவரிலே ஒலிபெருக்கியைப் பொருத்தி, இசைந்தவனுக்கும் இசையாதவனுக்கும் ஒருங்கே ஊற்றும் இசையைப் பற்றி அத்தொகுப்பு ஒன்றும் சொல்லவில்லை. 2008இல் மொன்றியலில் நடந்த சோதனையொன்றோ, இனிய இசை நோவைக் குறைத்தது, கேட்போர் வெறுத்த இசை குறைக்கவில்லை என்று காட்டிற்று. அந்நகரிலேயே 2023இல் வெளியான மற்றொன்றில், கையிற் சூடு வைக்கப்பட்ட இளைஞர்க்குத் தாம் விரும்பித் தெரிந்த பாடல்களே, முன்பின் கேளாத அமைதியான இசையைக் காட்டிலும் பயன்பட்டன. அவற்றுள்ளும் இன்பமும் துயரமும் கலந்து நெஞ்சை உருக்கும் பாடல்கள் சிறந்தன. உருக்கம் என்ற சொல்லை ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வைத்திருக்கும் எமக்கு இது புதுமையன்று.

எல்லாம் பொருளால் வருவதே என்று முடித்துவிடவும் எலிகள் இடம் தரவில்லை. சீன அமெரிக்க ஆய்வாளர் 2022இல் வெளியிட்ட செய்தி இது. பாதம் வீங்கி நோவுற்ற எலிகளுக்கு இசையைக் கேட்பித்தனர். கெடுத்துக் குழப்பிய இசையையும் வெறும் இரைச்சலையும் கேட்பித்தனர். மூன்றும் நோவைக் குறைத்தன. எலிக்கு இசைப்புலமை இல்லை என்பது கண்டு யாரும் வருந்த வேண்டியதில்லை. வியப்பு வேறிடத்தில் உள்ளது. சூழலில் ஏற்கனவே உள்ள ஓசையைவிட ஐந்து டெசிபெல் மட்டும் கூடிய மெல்லொலியே பயன் தந்தது. ஒலியை உரப்பியபோது பயன் இல்லாதொழிந்தது. ஒலிபெருக்கி அன்பர்கள் எலிகளின் இக்கருத்தையாவது செவிமடுப்பார்களாக! திருவிழாக் காலத்தில் வைத்தியசாலை மதிலுக்கப்பால் இரவிரவாக ஒலிபெருக்கி முழங்க, கட்டிலிற் கிடந்து போர்வையால் காதை மூடிக்கொள்ளும் நோயாளரை யான் கண்டிருக்கின்றேன். ஆண்டவன் செவிடன் அல்லன், நோயாளரும் அல்லர்.

பாட்டைக் கேட்பதும் பாடுவதும் ஒன்றல்ல என்பதையும் இவ்விடத்தே சொல்லிவிடலாம். ஒக்ஸ்போட் பல்கலைக்கழகத்து றொபின் டன்பாரும் துணைவரும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், கூடிப் பாடியோரும் ஆடியோரும் மேளம் கொட்டியோரும் அதன்பின் நோவை மிகுதியாகத் தாங்கினர். இசையை இருந்து கேட்டோர்க்கு அவ்வாறு ஏற்படவில்லை. அருவி வெட்டும்போது பாட்டு எழுந்ததற்கும், தாலாட்டுப் பாடும் தாயின் களைப்பும் குழந்தையின் நோவோடு சேர்ந்து தணிந்ததற்கும் இதிற் காரணம் இருக்கலாம். செடில் குத்திக் காவடி எடுப்போரையும் உடனே நினைப்பீர்கள். அங்கே தவிலும் நாதசுரமும் மட்டுமா உள்ளன? விரதம், நேர்த்தி, ஆட்டம், சூழ நிற்கும் உற்றார் எல்லாம் கலந்திருக்கும் ஒன்றிலிருந்து இசையை மட்டும் பிரித்தெடுத்துப் புகழ்தல் இயலாது. சங்கீத பாட வேளைகளைக் கணிதத்துக்கு எடுத்துக்கொள்ளும் வழக்கம் பாடசாலைகளிற் பரவி வருகின்றது. பிற்காலத்தில் நோவுற்றுக் கிடக்கும்போது கணித சூத்திரத்தை முணுமுணுப்பவர் எத்தனை பேர் என்று அதிபர்மார் எண்ணிப் பார்க்கலாம். அது வேறு கட்டுரைக்குரிய பொருள்.

இனி, கொடைக்கு வருவோம். ஒலிபெருக்கி வேண்டாம். வெளிநாடுகளில் வாழும் எம் பழைய மாணவரிடம் பயன்படாது கிடக்கும் கையடக்கத் தொலைபேசிகள் பலவுண்டு. அவற்றைப் பெற்றுத் துப்புரவாக்கிப் பாடல்களை நிரப்பி, இயர்போன் எனப்படும் காதிற் செருகு கருவியை நோயாளர் ஒவ்வொருவர்க்கும் புதிதாக வழங்கலாம். ஒலி உரத்துப் போகாவண்ணம் அளவு கட்டலாம். வைத்தியரும் தாதியரும் இசைந்தால், உயர்தர வகுப்பு மாணவர் இருவர் இருவராகச் சென்று நோயாளரிடம் பாட்டுப் பெயர்களைக் கேட்டு எழுதிவரலாம். என்ன பாட்டு என்று கேட்பதே ஒரு பேச்சைத் தொடக்கிவிடும். பேசுவாரின்றிக் கிடக்கும் முதியோருக்கு அதுவும் ஒரு கொடை. தேவாரம் கேட்பவர்க்குத் தேவாரம். பைலா கேட்பவர்க்குப் பைலா. சிங்கள நோயாளருக்கும் முஸ்லிம் நோயாளருக்கும் அவரவர் விரும்புவது. ஒன்றும் வேண்டாம் என்பவர்க்கு அமைதி. இந்துக் கல்லூரியின் பெயரால் திரைப்பாட்டு வழங்குவதா என்று ஒரு பெரியவர் என்னைக் கேட்டார். அவர் மீது எனக்கு மிகுந்த மதிப்புண்டு. திருமுறையை விரும்பாத காதில் அதனை ஊற்றுவது திருமுறைக்குச் செய்யும் சிறப்பாகாது என்பதே அவருக்கு என் விடை.

இன்னுமொன்று. இசையைப் பற்றிய இத்தனை பேச்சும், மருந்துக்கு ஈடாக இசை போதும் என்ற எண்ணத்தை எவர்க்கும் உண்டாக்கலாகாது. அரை அலகு நோவைக் குறைப்பது, எட்டு அலகு நோவுடையவனுக்கு எவ்வளவு ஆறுதல் என்பதை எண்ணுக. 2017இல் லான்செற் ஆணைக்குழு வெளியிட்ட கணக்கின்படி, உலகில் வழங்கப்படும் மோபீன்வகை மருந்தில் நூற்றுக்கு ஒரு பங்கு மட்டுமே, உலக மக்களுள் வறியோரான சரிபாதியினர் வாழும் நாடுகளுக்குக் கிடைக்கின்றது. என் தந்தையார் பாட்டை விரும்பிக் கேட்கக்கூடியதாயிருந்தது, மோபீன் கிடைத்தமையாலேதான். மருந்து தப்பிய ஓரிரவு, உறவினர் வீட்டிலிருந்து மருந்து வந்துசேரும் வரை, அவர் பாட்டை நிறுத்தச் சொன்னார், அனுங்கிக்கொண்டே கிடந்தார். ஆதலின் கொடையின் பெரும்பகுதி, மாறா நோயாளரைப் பராமரிக்கும் தாதியரின் பயிற்சிக்கும், வீடு சென்று மருந்து கொடுப்பதற்கான போக்குவரத்துக்கும் செல்லல் வேண்டும் என்றும், தொலைபேசிகளும் பாட்டும் அதன் சிறு பகுதியாகவே அமைதல் வேண்டும் என்றும் கேட்டுக்கொள்கின்றேன்.

ஒலிபெருக்கிகளுக்கு விலைமதிப்புக் கேட்டு இரு கடைகளுக்குக் கடிதம் போய்விட்டதாக அறிகின்றேன். முற்பணம் இன்னும் கட்டப்படவில்லை என்றும் கேள்வி. அது கட்டப்படுமுன் செயற்குழுவை ஒருமுறை கூட்டுமாறு பொருளாளரை வேண்டுகின்றேன். மாணவர் சென்று கேட்பதற்கான வினாப் படிவம் ஒன்றை எழுதி வைத்திருக்கின்றேன். ஒரு பக்கத்துக்கு மேற்படாது.